பழையபேட்டையில் ஈயம் பூசியவர்

(காட்சி: கிருஷ்ணகிரி பழையபேட்டை. புளி மண்டி வாசலில் சாக்கு மூட்டைகள்.)

மாசி, பங்குனியில் பழையபேட்டைக்குள் நுழைந்தால் புளி வாசனைதான் முதலில் வரவேற்கும். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்கும் வேலை இன்றும் நடக்கிறது. இதே புளியை நம்பி இங்கே இன்னொருவரும் பிழைத்தார். ஈயம் பூசுபவர்.

புளிக்கும் ஈயத்துக்கும் என்ன உறவு?

பித்தளையில் பெரும்பங்கு செம்பு. அதில் புளிக்குழம்பை வைத்தால் அமிலம் செம்பை அரிக்கும், களிம்பு ஏறும், வயிற்றைப் புரட்டும். உள்ளே ஈயம் பூசிவிட்டால் குழம்பு பித்தளையைத் தொடாது. இது வெள்ளீயம், நஞ்சான காரீயம் வேறு. அதைக் கலந்துவிடுவாரோ என்று எங்கள் பாட்டி திண்ணையை விட்டு நகரமாட்டார்.

(காட்சி: கரிக்குழி, துருத்தி.)

பாத்திரத்துக்குள் ஈர மணலைப் போட்டு, ஏறி நின்று, இடுப்பைத் திருப்பித் திருப்பிக் காலாலேயே தேய்ப்பார். தெருப் பிள்ளைகள் நாங்கள் பின்னால் நின்று அதேபோல் ஆடுவோம். பிறகு பாத்திரத்தைக் கரிநெருப்பில் காட்டி நவச்சாரம் என்ற உப்பைத் தூவுவார். குப்பென்று வெண்புகை. உலோகத்தின் மேல் படிந்த படலத்தை அந்த நவச்சாரம்தான் நீக்குகிறது. அது இல்லாமல் ஈயம் ஒட்டாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். பித்தளை உருக ஏறக்குறைய 900 டிகிரி வேண்டும். ஆகவே பாத்திரம் அப்படியே இருக்க, ஈயம் மட்டும் நீராக ஓடும். பஞ்சால் ஒரு சுழற்று சுழற்றுவார். கறுத்த அண்டாவுக்குள் நிலா வந்துவிடும்!

(காட்சி: எவர்சில்வர் பாத்திரக் கடை.)

எவர்சில்வரைப் புளி ஒன்றும் செய்யாது. கதை அவ்வளவுதான். வாடகை சைக்கிள் கடையும் எஸ்.டி.டி. பூத்தும் பிறகு போயின. அவற்றுக்கு முன்பே, திருப்பத்தூரிலிருந்து வந்த குறுகிய பாதை ரயிலை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இழந்த ஊர் இது. ரயில் கேட்டு இன்றும் மனு கொடுக்கிறோம். ஈயம் பூசுபவரைக் கேட்டு யார் மனு கொடுப்பார்கள்?

எங்கள் பித்தளையெல்லாம் எடைக்குப் போய்விட்டது. பரணில் ஒரு குண்டான் மட்டும் மிச்சம். அடியில் ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரிகிறது.

அம்மாவிடம் அவர் பெயரைக் கேட்டேன். தெரியவில்லை. அந்தக் குண்டானுக்கு அவர் எவ்வளவு கேட்டார், பாட்டி எவ்வளவுக்குப் படியவைத்தார் என்பது மட்டும் பைசா சுத்தமாக நினைவிருக்கிறது.