சிரிப்புக்கும் ஒத்திகை வேண்டும்

வணக்கம் நேயர்களே. பகலில் ஆளுக்கொரு வேலை பார்த்துவிட்டு, மாலையில் சேர்ந்து நாடகம் போடுகிற குழு எங்களுடையது. இப்போது ஒரு நகைச்சுவை நாடகம் கையில் இருக்கிறது. "நகைச்சுவைதானே, சமாளித்துவிடலாம்" என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே படபடப்பு வரும்.

முதல் வார ஒத்திகையில் வசனம் பேசவே முடியாது, அவ்வளவு சிரிப்போம். மூன்றாவது வாரம் ஒருவருக்கும் சிரிப்பு வராது. அப்போதுதான் பயம் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தைக் கோணுவார், இன்னொருவர் குரலை இழுப்பார், நாடகம் அங்கேதான் கெட ஆரம்பிக்கும். கடன்காரருக்குப் பயந்து அலமாரிக்குள் ஒளிகிறவர் உண்மையிலேயே பயப்பட வேண்டும். தான் வேடிக்கையாக இருக்கிறோம் என்பது அந்தப் பாத்திரத்துக்குத் தெரியவே கூடாது.

போன நாடகத்தில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒத்திகையில் யாருமே சிரிக்காத ஒரு வரிக்கு அரங்கம் அதிர்ந்தது. எங்கள் நடிகர் நிற்காமல் அடுத்த வரியைச் சொல்லிவிட்டார். கடிதம் யாரிடம் இருக்கிறது என்பது அந்த வரியில்தான் இருந்தது! அது யார் காதிலும் விழவில்லை, கடைசிக் காட்சி வரைக்கும் பாதிப் பேர் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

அதனால் இந்த முறை சிரிப்பையே ஒத்திகை பார்க்கிறோம். இரண்டு பேர் எதிரே உட்கார்ந்து, எதிர்பாராத இடங்களில் கைதட்டுவார்கள். நடிக்கிறவர் சிலையாக நிற்காமல், சட்டைப் பித்தானைப் போடுவதோ நாற்காலியை நகர்த்துவதோ, ஏதோ ஒன்றைச் செய்துகொண்டே காத்திருக்க வேண்டும். சத்தம் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது பேச வேண்டும், முழுக்க அடங்கும்வரை விட்டால் சூடு போய்விடும். அப்புறம், திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுப்பவருக்கு எது மறதி, எது வேண்டுமென்றே விட்ட இடைவெளி என்று தெரிந்திருக்க வேண்டும். அவருடைய பிரதியில் அந்த இடங்களையெல்லாம் சிவப்பு மையில் குறித்திருக்கிறோம்.

பண்டைக் கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரத்தில், மதுக் கடவுள் டயோனிசஸுக்கு எடுத்த விழாவில் கி.மு. 486 முதல் நகைச்சுவை நாடகங்களுக்குப் போட்டி நடந்தது. அதில் பாடி ஆடிய 24 பேர் கொண்ட குழுவினர் தொழில் நடிகர்கள் இல்லை, அந்த நகரத்துச் சாதாரணக் குடிமக்கள். வேறு வேலை பார்த்தவர்கள்தான் அவர்களும், ஆனால் மேடையேறுமுன் கடுமையாகப் பயிற்சி எடுத்தார்கள். ஒத்திகைக்கு ஆள் குறைகிற நாட்களில் எங்கள் குழுவில் இதை நான் சொல்வதுண்டு.

அந்தக் கடித நடிகர் இந்த நாடகத்திலும் இருக்கிறார். நேற்று கைதட்டல் வந்ததும் நிறுத்தினார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார், பிறகுதான் பேசினார். மூன்று வாரத்துக்குப் பிறகு நேற்றுதான் நாங்கள் எல்லோரும் மறுபடியும் சிரித்தோம்.