பாமாயில் வரி யார் பையிலிருந்து போகிறது?

[திரை: சென்னையில் ஒரு ரேஷன் கடை. கவுன்ட்டரில் பாமாயில் பாக்கெட்டுகள்.]

வணக்கம். வியாசர்பாடியோ வேளச்சேரியோ, ரேஷன் கடையில் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா பாமாயில் மீதான இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக ஒரே ராத்திரியில் ஏற்றியது. மளிகைக் கடையில் எண்ணெய் விலை உடனே எகிறியது. ரேஷன் கடையில் மட்டும் அதே 25 ரூபாய்.

சரி, அந்த ரேஷன் பாக்கெட்டுக்கு உரிய வரியை யார் கட்டினார்கள்?

பாமாயிலை நமக்கு விற்கும் இந்தோனேசியா கட்டியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். "அவன் சரக்குக்கு வரி போட்டாச்சு" என்று டிவி விவாதங்களில் பேசுவதைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் சுங்க வரியைக் கட்டுவது இங்கே இருக்கும் இறக்குமதியாளர். கட்டினால்தான் சரக்கைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுக்க முடியும். கட்டியதை அவர் விலையில் ஏற்றிவிடுவார். ரேஷனுக்காக எண்ணெய் வாங்குவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். டெண்டரில் வரும் விலைக்கும் 25 ரூபாய்க்கும் நடுவில் உள்ள பள்ளத்தை மாநில அரசின் மானியம் நிரப்புகிறது. டெல்லி வரியை ஏற்றினால் அந்தப் பள்ளம் பெரிதாகிறது. ஆக, இந்தோனேசியச் சரக்கின் மேல் போட்ட வரியில் ஒரு பங்கு சென்னைக் கோட்டையிலிருந்து டெல்லிக்குப் போகிறது. நடுவில் ஒரு கப்பல் வந்து போகிறது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வாங்குகிறவர் ரொம்பப் பெரிய ஆளாக இருந்தால், விற்கிறவர் கொஞ்சம் இறங்கி வருவார். பாமாயில் இறக்குமதியில் உலகிலேயே இந்தியாதான் முதலிடம். நாம் குறைவாக வாங்கினால் உலகச் சந்தையில் விலை சரியலாம். அப்போது வரியில் ஒரு பகுதியை இந்தோனேசியாவும் மலேசியாவும் சுமக்கும். ஏட்டுக்கணக்கில் இது சரி. ஆனால் அந்த வருஷக் கடைசியில் நடந்தது தலைகீழ். இந்தோனேசியா பாமாயிலை டீசலில் இன்னும் அதிகமாகக் கலக்கப் போகிறது என்ற எதிர்பார்ப்பில் உலக விலையே ஏறியது. வரியும் ஏறி விலையும் ஏறியதில், இரண்டு அடியும் பஜ்ஜிக் கடைக்காரர் தலையில் விழுந்தது.

[திரை: இரண்டு எண்ணெய் டின்கள். ஒன்றில் "கச்சா", இன்னொன்றில் "ரீஃபைன்ட்".]

இவ்வளவும் எதற்காக? சோயா விவசாயிக்காக என்றார்கள். அந்த சீசனில் சோயாவுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய். மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் சந்தை விலை அதற்குக் கீழே கிடந்தது. வெளிநாட்டு எண்ணெய் விலை கூடினால் உள்ளூர் சோயாவுக்கு மவுசு கூடும் என்பது கணக்கு. நியாயமான கவலைதான். வரி ஏறிய பிறகும் பல மண்டிகளில் சோயா ஆதரவு விலையைத் தொடவில்லை என்பது வேறு கதை.

இதில் பெரும்பாலோர் கவனிக்காத ஒருவர் இருக்கிறார்: ரீஃபைனரி முதலாளி. 2025 மே கடைசியில் கச்சா எண்ணெய் மீதான வரியை 16.5 சதவீதமாகக் குறைத்தார்கள். ரீஃபைன்ட் எண்ணெய்க்கு 2024 செப்டம்பரில் வைத்த 35.75 சதவீதம் அப்படியே தொடர்ந்தது. இரண்டுக்கும் இடைவெளி 8.25 புள்ளியிலிருந்து 19.25 புள்ளிக்குப் போனது. புரிவதற்காக இரண்டு எண்ணெயும் டன் 1 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கச்சாவாகக் கொண்டுவந்தால் வரி 16,500. சுத்திகரித்துக் கொண்டுவந்தால் 35,750. வித்தியாசம் 19,250 ரூபாய். எண்ணூர் பக்கம் சும்மா கிடந்த ஒரு ரீஃபைனரிக்கு உயிர் கொடுக்க இது போதும். இந்தோனேசியாவும் சளைத்ததல்ல. கச்சா பாமாயிலை வெளியே அனுப்பக் கூடுதல் தீர்வை, சுத்திகரித்ததை அனுப்பக் குறைவான தீர்வை என்று வைத்திருக்கிறது. ஆலை யார் ஊரில் ஓடுவது என்பதற்கான இழுபறி இது. இரண்டு அரசும் அவரவர் ஊர் ஆலைக்காகப் போராடும்போது பில்லைக் கட்டுவது வடை சுடுகிறவர்.

வடை சுடுகிறவர் ஏன் சத்தம் போடுவதில்லை? அவருக்கு லிட்டருக்குச் சில ரூபாய்தான் நஷ்டம். அதற்காகக் கடையை மூடிவிட்டு டெல்லிக்கு மனு எழுத முடியாது. ரீஃபைனரிகளோ எண்ணிக்கையில் கொஞ்சம், லாபம் கோடிகளில். அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, பட்ஜெட்டுக்கு முன்னால் நிதி அமைச்சகத்தில் போய்ப் பேச ஆள் இருக்கிறது. வர்த்தகத் தடைகள் ஏன் சுலபமாக வருகின்றன, ஏன் லேசில் போவதில்லை என்பதற்கு என் கணக்கில் பாதி விளக்கம் இதுதான்.

[திரை: புனித ஜார்ஜ் கோட்டையின் பழைய ஓவியம்.]

இது புதுக்கதை அல்ல. இந்த ஊர் உருவானதே துணி வியாபாரத்தால். 1639ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்த மணல் கரையைத் தேர்ந்தெடுத்தபோது அவர் சொன்ன முக்கியக் காரணம், இங்கே நல்ல துணி மற்ற இடங்களை விட 20 சதவீதம் மலிவு என்பது. சோழமண்டலக் கரையில் சாயம் தோய்த்து, கையால் பூ வரைந்த துணிக்கு லண்டன் பெண்கள் மத்தியில் அப்படி ஒரு மோகம். அங்கே கம்பளி, பட்டு நெய்தவர்களுக்குப் பிழைப்பு போயிற்று. 1719ல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, இந்தத் துணி உடுத்திய பெண்கள் மேல் மையையும் அமிலத்தையும் வீசினார்கள்.

அதற்கு முன்பே 1700ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு தடைச் சட்டம் போட்டிருந்தது. சாயம் போட்ட, அச்சடித்த ஆசியத் துணியை உள்நாட்டில் விற்கக் கூடாது. வெள்ளைத் துணி மட்டும் வரலாம். என்ன நடந்தது? வெள்ளைத் துணியை இங்கிருந்து ஏற்றிப் போய் லண்டனிலேயே அச்சடித்தார்கள். தடையால் கம்பளிக்காரர்கள் பிழைக்கவில்லை. அதுவரை சிறியதாக இருந்த உள்ளூர் அச்சுத் தொழில் கொழுத்தது. அதனால்தான் 1719 கலவரம். பிறகு 1721ல் இன்னொரு சட்டம்: அச்சடித்த பருத்தித் துணியை, எங்கே அச்சடித்திருந்தாலும், பெரும்பாலும் உடுத்தவே கூடாது. அந்தத் தடை 1774 வரை நின்றது. அதற்குள் வட இங்கிலாந்தின் லங்காஷயரில் பருத்தித் தொழில் வேர் பிடித்துவிட்டது.

"பார்த்தீர்களா, தடை போட்டுத்தான் இங்கிலாந்து வளர்ந்தது" என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் நூற்பு இயந்திரங்கள் வராமல் தடை மட்டும் இருந்திருந்தால் லங்காஷயர் இந்தியத் துணியை வென்றிருக்காது. சென்னையைச் சுற்றியிருந்த சாயக்காரர்களுக்குப் பிரிட்டன் சந்தை அடைபட்டதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

தங்கத்தை ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். 2022 ஜூலையில் தங்கத்தின் மேல் சுங்க வரி 15 சதவீதம் ஆனது. கிலோ 60 லட்சம் என்றால் வரி 9 லட்சம். கடத்தினால் கிடைக்கும் லாபமும் அதே 9 லட்சம்தான். மீனம்பாக்கத்தில் பிடிபடுகிற குருவிகளுக்கு, அதாவது கூலிக்குத் தங்கம் கடத்துகிறவர்களுக்கு, சம்பளம், டிக்கெட், மாட்டினால் வக்கீல் செலவு எல்லாம் அதிலிருந்தே வந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் வரியை 6 சதவீதமாக்கினார்கள். அதே கிலோவுக்கு வரி 3,60,000 ஆனது. தொழிலின் கவர்ச்சி பாதிக்கு மேல் போச்சு.

[திரை: ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலை. ஷிஃப்ட் மாறும் நேரம், கம்பெனிப் பேருந்துகள்.]

அப்புறம் ஸ்ரீபெரும்புதூர். வரி வேலை செய்த இடம் என்று எல்லோரும் கை காட்டும் ஊர் இது. 2017 ஜூலையில் வெளிநாட்டு செல்போனுக்கு 10 சதவீதம் வரி வந்தது. டிசம்பரில் 15, அடுத்த பிப்ரவரியில் 20. கம்பெனிகள் இங்கேயே போன் பூட்ட ஆரம்பித்தன. உண்மை. ஆனால் உள்ளூர்ச் சந்தைக்கான போன் வேறு, ஏற்றுமதிக்கான போன் வேறு. இங்கே தயாராகும் ஐபோனை அமெரிக்காவில் விற்க இந்தியாவின் இறக்குமதி வரி ஒரு காசுக்கு உதவாது. அதற்கு உதவியது 2020ல் வந்த உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகை, சீனாவை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்ற கம்பெனிகளின் பயம், சென்னையின் துறைமுகம், விமான நிலையம், வரிசையில் நின்று வேலை பார்க்கும் பல்லாயிரம் பெண்கள். கேமரா, கவர், கனெக்டர் போன்ற உதிரி பாகங்களுக்குப் போட்ட வரி உபத்திரவமாகத்தான் இருந்தது. அதனால்தான் 2024 ஜனவரியில் அரசே பல பாகங்களுக்கு 15லிருந்து 10 சதவீதமாக இறங்கி வந்தது.

இதை 1936லேயே அப்பா லெர்னர் என்ற பொருளாதார அறிஞர் கணக்குப் போட்டுக் காட்டினார். இறக்குமதி மேல் போடும் வரி, சுற்றி வந்து ஏற்றுமதி மேல் போட்ட வரியாகவே முடியும். இறக்குமதி குறைந்தால் டாலருக்கான தேவை குறையும், ரூபாய் ஏறும், நம் சரக்கு வெளியே விலை கூடித் தெரியும். ஆம்பூர் செருப்பும் திருப்பூர் பனியனும் அதற்கு விலை கொடுக்கும். நடைமுறையில் இவ்வளவு சுத்தமாக நடக்காது. ஆனால் திசை அதுதான்.

செல்போன் வரிக்கு எதிராக ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம், தைவான் மூவரும் உலக வர்த்தக நிறுவனத்துக்குப் போனார்கள். 2023 ஏப்ரலில் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது. ஜப்பான் வழக்கில் அடுத்த மாதமே இந்தியா மேல்முறையீடு செய்தது. அந்த மேல்முறையீட்டு அமைப்பில் புதிய உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா சம்மதிக்காததால், 2019 டிசம்பரிலிருந்தே வழக்கு கேட்க ஆள் இல்லை. இது தெரிந்துதான் மேல்முறையீடு செய்தார்கள். மற்ற நாடுகளும் இதே வழியில் போயிருக்கின்றன.