காமன் களத்துக்குச் செயலாளர் வேண்டாம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

“மலையகச் சிறுநகரத்தில் கலையைக் காத்து நின்றது பதிவுபெற்ற கலைமன்றமா, பதிவே இல்லாத தோட்டத்துக் கூத்துக்களமா?” இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் மன்றத்துக்காகப் பிளந்து கட்டிவிட்டுப் போனார். யாப்பு இருக்கிறது, கூட்டறிக்கைக் கொப்பி இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, பிரதேச செயலகத்தில் பதிவிலக்கம் இருக்கிறது என்று அடுக்கினார். எல்லாம் இருக்கிறது ஐயா. கூத்து எங்கே இருக்கிறது?

களத்துக்கு அமைப்பே கிடையாது என்றும் ஒரு போடு போட்டார். சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்தைப் பார்க்க, மாசி மாதத்து மூன்றாம் பிறையில் ஒரு தோட்டத்துக்குப் போகட்டும். கரும்பு, ஆமணக்கு, வைக்கோல் பிரி, வரட்டி எல்லாம் கொண்டுவந்து காமன் கம்பம் ஊன்றுவார்கள். ரதிக்கும் மதனுக்கும் வேஷம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று தலைவர்மாரும் கோயில் கமிட்டியும் வரி பேசி முடிப்பார்கள். பாட்டுக்கு வாத்தியார், தப்பு அடிக்க ஆள், வெளிச்சத்துக்கு ஆள், தட்சனுக்கும் தூதனுக்கும் வீரபத்திரனுக்கும் எமனுக்கும் ஆள். மதனை எரித்த மூன்றாம் நாள் உயிர் எழுப்புவது வரைக்கும் யார் எதற்குப் பொறுப்பென்று எல்லாருக்கும் தெரியும். நாள்கணக்கு தோட்டத்துக்குத் தோட்டம் கொஞ்சம் முன்பின் இருக்கும், அவ்வளவுதான். இதற்கு மேல் என்ன அமைப்பு வேண்டும்?

காலமும் கணக்குப் பார்த்து அமைந்தது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தை, மாசியில் மழை ஓய்ந்து வரண்டு கிடக்கும், பனி கொட்டும், தேயிலைக் கொழுந்து குறையும். ராத்திரி கண்விழித்தாலும் மறுநாள் மலையில் சமாளிக்கலாம். சித்திரை, வைகாசியில் கொழுந்து குவியும்போது யாராலும் விடிய விடிய ஆட முடியாது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது. மன்றத்தார் ஆண்டு விழாவை எப்போது வைக்கிறார்கள்? மண்டபம் கிடைக்கும் நாளில், பிரதம விருந்தினருக்கு வசதிப்படும் நாளில்.

மண்டபம் என்றதும் தப்பின் ஞாபகம் வருகிறது, நடுவர் அவர்களே. தப்பு, மரச்சட்டத்தில் தோல் இழுத்து ஒட்டிய கருவி. தடித்த கட்டைக்குச்சி ஒரு கையில், மெல்லிய நீளமான மூங்கில் சிம்பு மறு கையில். நம் மலைக்காற்றில் ஈரம் அதிகம். தோல் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும். தொய்ந்தால் ‘டண்’ என்று தெறிக்க வேண்டியது ‘தொப்’ என்று விழும். அதனால்தான் களத்தோரத்தில் எப்போதும் வைக்கோலோ சருகோ எரிந்துகொண்டிருக்கும். தோலை நெருப்புக்கு நேராகக் காட்டி, சட்டத்தைச் சுழற்றிச் சுழற்றி, விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே காய்ச்சுவார்கள். ஒரே பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் மட்டும் இறுகி விளிம்பில் கிழியும். அதிகம் காய்ந்தால் நல்ல அடி விழும் நேரத்தில் வெடிக்கும். பனி விழும் இரவில் இதைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். நகர மண்டபத்துக்குள் நெருப்பு மூட்ட விடுவார்களா? விடமாட்டார்கள், அது நியாயமும்தான். ஆகவே ஒன்று தொய்ந்த தப்பு, இல்லையென்றால் பிளாஸ்டிக் தோல். அதையும் ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தினால் தாளம் மட்டும் கேட்கும், பாட்டு அமுங்கிப்போகும். களத்தில் ஆட்டக்காரர் கம்பத்தைச் சுற்றி வந்து நாலு பக்கத்துக்கும் பாடுவார். மேடையில் ஒரு பக்கம்தான். மற்ற மூன்று பக்கமும் திரைச்சீலைக்குப் பாடுகிறார்.

தோட்டத் தொழிற்சங்க முன்னோடி நடேசய்யரையும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மாளையும் எதிரணி இழுத்தது. நல்லது. மீனாட்சி அம்மாள் பாடியது தொழிற்சங்கக் கூட்டங்களில், தொழிலாளர் நடுவே. அதை எந்தக் கலைமன்றத்தின் வரவில் எழுதுவது?

இனி வரலாறு. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இந்திய வம்சாவளி மக்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்க, 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை என்று பேசி முடித்தார்கள். மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு பிரித்தார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, லயம் லயமாகப் பெட்டி கட்டித் தலைமன்னாருக்கு ரயிலேறினார்கள். வாத்தியார் போனார், மதன் போனார், தப்புக்காரர் போனார். ஒரு மன்றத்தில் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் ஒரே வருஷத்தில் கிளம்பிவிட்டால் என்ன நடக்கும்? கொப்பியும் முத்திரையும் யார் வீட்டிலோ தங்கிவிடும். களத்தில் அப்படியில்லை. அங்கே பின்பாட்டு என்று ஒன்று உண்டு. முன்பாட்டுக்காரர் ஒரு அடி பாடினால் சுற்றி நிற்பவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். இரவிரவாகத் திருப்பிப் பாடியவனுக்கு ரதி புலம்பலும் தெரியும், தூதன் பாட்டும் தெரியும். ஆள் போனால் பின்பாட்டு வரிசையிலிருந்து ஒருவர் முன்னுக்கு வருவார். காமன் கூத்து மட்டுமில்லை, பொன்னர் சங்கரும் அர்ச்சுனன் தபசும் பிழைத்த வழியும் இதுதான்.

களம் குற்றமற்றது என்று சொல்ல நான் வரவில்லை. தப்பை ஒரு சாதியின் தலையில் கட்டி, சாவுக்கும் திருவிழாவுக்கும் கூப்பிட்டுவிட்டுச் சரிசமமாக உட்கார வைக்காதது இதே களம்தான். ரதிக்கும் ஆம்பிளைதான் வேஷம் கட்டினார். பெண்பிள்ளைகளை மேடையேற்றியதில் மன்றங்களுக்கும் பாடசாலைகளுக்கும் உரிய பங்கைக் கொடுத்துவிடுகிறேன். இன்றைக்கு இளவட்டம் கொழும்புக் கடைகளில் நிற்பதால் ஒத்திகைக்கு ஆளில்லை, பல தோட்டங்களில் கூத்து நின்றும் போனது. அதையும் மறைக்கவில்லை. ஆனால் நின்றுபோன தோட்டத்தில் மன்றம் வந்து கூத்தைத் தொடர்ந்ததா? விழாவுக்கு அரைமணி நேரத் துண்டொன்றை வெட்டி எடுத்துக்கொண்டது.

மன்றம் உண்மையில் உதவ நினைத்தால் வேலை கிடக்கிறது. பாட்டுக் கொப்பிகள் ஒழுகுகிற லயக் காம்பராவில் நனைந்துகொண்டிருக்கின்றன. கொப்பியைப் படமெடுத்தால் மட்டும் போதாது, மெட்டு அதில் இருக்காது. வாத்தியார் பாடப் பாட, பின்பாட்டோடு சேர்த்து ஒலிப்பதிவு செய்யட்டும். தப்புக்குத் தோல் வாங்கிக் கொடுக்கட்டும். மண்டபத்துக்குப் பின்னால் தோல் காய்ச்ச ஓர் ஓரத்தைக் கேட்டு வாங்கட்டும். அதற்கப்புறம் பங்கு கேட்டு வரலாம், நாங்கள் தடுக்க மாட்டோம்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.