அந்த நாய் ஏன் நம்மையே பார்க்கிறது?

[திரையில்: கூண்டுக் கம்பிக்குப் பின்னால் ஒரு நாய். கேமரா மெல்ல நெருங்குகிறது. பியானோ ஒலி.]

பார்த்த பத்தாவது விநாடியிலேயே நெஞ்சைப் பிசைகிறது, இல்லையா? இன்னும் யாரும் பேசவில்லை, பணமும் கேட்கவில்லை. ஆனாலும் விளம்பரத்தின் பாதி வேலை முடிந்துவிட்டது.

2007-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் இப்படி ஒரு விளம்பரம் வந்தது. கொடுத்தது ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற பிராணிவதைத் தடுப்புச் சங்கம். 1866-ல் ஹென்றி பெர்க் நியூயார்க்கில் தொடங்கியது. கனடாப் பாடகி சாரா மெக்லாக்லன் பக்கத்தில் ஒரு நாயோடு உட்கார்ந்து பேசுவார். பின்னணியில் அவருடைய ‘ஏஞ்சல்’ பாட்டு. இரண்டு ஆண்டுகளில் சுமார் 3 கோடி டாலர் நன்கொடை சேர்ந்தது.

சரி, முதலில் அந்தக் கண்களைக் கவனியுங்கள்.

[திரையில்: நாயின் முகம், மிக அருகில். உள்புருவம் மேலே எழுகிறது.]

புருவத்தின் உள்முனை இப்படித் தூக்கும்போது கண் பெரிதாகிறது, குழந்தை அழப்போகிற முகம் வந்துவிடுகிறது. நாய்களுக்கு இதற்கென்றே ஒரு சின்னத் தசை நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாய்களுக்கு அது பெயரளவுக்குத்தான் என்று ஆய்வாளர் ஜூலியன் காமின்ஸ்கியின் குழு 2019-ல் காட்டியது. அதற்கு முன் 2013-ல் வந்த ஓர் ஆய்வில், காப்பகத்தில் அடிக்கடி புருவம் தூக்கிய நாய்களுக்குச் சீக்கிரம் வீடு கிடைத்திருந்தது. பல்லாயிரம் ஆண்டு மனிதனோடு வாழ்ந்து வந்த முகம் அது. கேமராமேன் அதற்காகக் காத்திருந்தால் போதும்.

அடுத்து, எண்ணிக்கை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு முகம்தான் திரையில் வரும். இதற்கும் காரணம் உண்டு. ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் மூவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்குப் பசியில் வாடும் ஒரு சிறுமியின் படத்தைக் கொடுத்தார்கள். சிலருக்குப் பஞ்சத்தின் புள்ளிவிவரம் மட்டும். வேறு சிலருக்கு இரண்டும். படம் மட்டும் பார்த்தவர்கள்தான் அதிகம் கொடுத்தார்கள். படத்தோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்ததும் தொகை நன்றாகவே இறங்கிவிட்டது! எனக்கு இது வருத்தமாகத்தான் இருக்கிறது. துன்பம் பெரிதாகப் பெரிதாக மனசு இறுகிப்போகிறது.

அப்புறம் பணம். மாதம் 18 டாலர் என்று சொன்ன கையோடு, நாளுக்கு 60 சென்ட்தான் என்றார்கள் அந்த விளம்பரத்தில். சில்லறைக் காசு. அரை மணி நேரத்துக்குள் அழைத்தால், காப்பாற்றப்பட்ட ஒரு விலங்கின் புகைப்படம் உங்களுக்கு வரும் என்றும் சொன்னார்கள். திரையில் பார்த்த ‘ஒரு முகம்’ இப்போது உங்கள் கையிலேயே வந்து சேர்கிறது. ரொம்பக் கெட்டிக்காரத்தனமான முடிவு இது.

பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது விலங்குகளுக்காக எழுதியது அல்ல. ஹெராயினால் இறந்த ஒரு இசைக்கலைஞரை நினைத்து எழுதியது. ஒருவர் இறந்த துக்கம் அப்படியே இன்னோர் உயிரின் மேல் வந்து படிகிறது. படிந்த வேகம் சிலருக்குத் தாங்கவில்லை, சேனலை மாற்றிவிடுகிறார்கள். தானும் அப்படித்தான் மாற்றுவதாக மெக்லாக்லனே சொல்லியிருக்கிறார்.

மனம் இளகிக் கொடுப்பதில் தவறே இல்லை. ஆனால் பணம் எங்கே போகிறது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இதே மாதிரிப் பெயரில் காப்பகங்கள் இருக்கின்றன. அவை இந்தச் சங்கத்தின் கிளைகள் அல்ல, தனித்தனி அமைப்புகள். பக்கத்துத் தெருக் காப்பகத்துக்குப் போகும் என்று நினைத்துக் கொடுப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

என்னை உறுத்துவது வேறொன்று. கோழிக்குப் புருவம் தூக்கத் தெரியாது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் நாயைப் போல நம்மை நேராகப் பார்க்கவும் செய்யாது. அதன் முகத்தை எவ்வளவு அருகில் காட்டினாலும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. அதனால் கூண்டுக் கோழிகளுக்காகப் பேசுபவர்கள் முகத்தை விட்டுவிட்டு ஒரு தாளைக் காட்டுகிறார்கள்.

[திரையில்: மேசையில் ஒரு ஏ4 தாள். கத்தரிக்கோல்.]

இது சுமார் 97 சதுர அங்குலம். அமெரிக்க முட்டைப் பண்ணைக் கூண்டுகளில் ஒரு கோழிக்கு வழக்கமாக விடப்பட்ட இடம் 67. அப்படியென்றால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

[திரையில்: வெட்டிய தாளின் மேல் விரிந்த ஒரு கை.]

மீதியின் மேல் கையை விரித்து வைக்கிறேன். விரல் நுனிகள் ஓரத்தைத் தொட்டுவிட்டன. ஒரு வருடத்துக்கும் மேல் அந்தக் கோழி நிற்பதும், தூங்குவதும், முட்டையிடுவதும் இதற்குள்தான்.