குளுக்கோஸ் பாட்டிலும் ஒரு ஸ்பூன் இளநீரும்

எல்லோருக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்லை. அம்மாவைக் கடைசி நாலு மாதம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவன், அதற்கப்புறம், பெரிய நோயில் வலியையும் அவதியையும் குறைக்கிற தணிப்பு சிகிச்சைக் குழுவோடு வாரத்தில் ஒருநாள் வீடு வீடாகப் போய் வருகிறவன், அவ்வளவுதான்.

அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். "இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஃபைலை எடுத்தார். வலிக்கு என்று எழுதிக் கொடுத்தது பாரசிட்டமால். அன்று ராத்திரி அம்மா போர்வையை வாயில் கடித்துக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்த எனக்கு, "ஒண்ணும் இல்ல" என்ற வார்த்தை மேல் இன்னமும் கோபம் தீரவில்லை.

ஹாஸ்பைஸ் என்றால் சாகப்போகிறவர்களைக் கொண்டுபோய் விடுகிற இடம் என்றுதான் நம் ஆட்களுக்கு நினைப்பு. உண்மையில் அது நோய் முற்றியவர்களுக்கு இந்தத் தணிப்பு சிகிச்சை கொடுக்கிற இடம். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பைஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸாக இருந்தவர். உடம்பு வலியோடு மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்துதான் ஒருவருக்கு வலிக்கிறது என்றார் அவர். கடன் என்ன ஆகும், சின்னவள் கல்யாணம் என்ன ஆகும் என்று அம்மா புலம்பியதும் அதில் சேர்த்திதான். மும்பையில் 1986-இல் சாந்தி அவேத்னா சதன் என்ற ஹாஸ்பைஸ் வந்தது. 1993-இல் கோழிக்கோட்டில் ஆரம்பித்தவர்கள் இதைக் கட்டடத்திலிருந்து வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீட்டுக்கே வந்து பார்க்கிற தணிப்பு சிகிச்சை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கடும் வலிக்குக் கொடுக்கிற, ஓபியத்திலிருந்து எடுக்கிற மருந்து மார்பின். அந்தப் பெயரைக் கேட்டாலே பயப்படுகிறோம். நம் நாட்டில் சட்டப்படியே ஓபியம் விளைகிறது, காஸிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலையே இருக்கிறது, ஆனால் நம் நோயாளிக்கு மாத்திரை கிடைக்காமல் இருந்தது, ஏனென்றால் 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடி அப்படி. 2014-இல் அதைத் திருத்தினார்கள். பயம் மட்டும் திருந்தவில்லை. சரியான அளவில் வலிக்குக் கொடுத்தால் அடிமையாகிவிடுவது அபூர்வம். சாதாரண மார்பின் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், கூடவே அதற்கும் மருந்து எழுதச் சொல்லுங்கள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் நேரத்தை எழுதி வைத்திருந்தேன். மார்பின் ஆரம்பித்த மூன்றாம் நாள் அம்மா எழுந்து உட்கார்ந்து, தலை வாரிவிடச் சொன்னாள்.

அப்புறம் சாப்பாடு. இதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. "பட்டினி போட்டே கொல்றியாடா" என்று அத்தை கேட்டாள், வந்தவர்கள் எல்லாரும் ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏற்றச் சொன்னார்கள், நானும் ஒருநாள் தாங்க முடியாமல் ஏற்ற வைத்தேன், மறுநாள் கால் இரண்டும் வீங்கி, மூச்சில் நீர் களகளவென்று சத்தம் கேட்டது. நோய் முற்றும்போது உடம்பே பசியை விட்டுவிடுகிறது என்று தணிப்பு சிகிச்சைக் குழுவின் நர்ஸ் அக்கா வந்துதான் புரிய வைத்தார். ஏற்றுகிற தண்ணீரை அந்த நிலையில் உடம்பால் சமாளிக்க முடியாது. ஆனால் வாய் மட்டும் காய்ந்து போகும். இளநீரை ஸ்பூனில் தொட்டு உதட்டில் வைப்பது, முழுங்க முடியாதபோது ஈரத் துணியால் நாக்கைத் துடைப்பது, இதைத்தான் செய்தோம். அத்தைக்கும் அந்த ஸ்பூனைக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவள் சண்டை போடவில்லை.

தணிப்பு சிகிச்சைக் குழுவை எப்போது கூப்பிடுவது என்று கேட்பீர்கள். நோய் பெரியது என்று தெரிந்த அன்றே. அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்களை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், ஆரம்பத்திலேயே இந்தச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் சராசரியாக 11.6 மாதம் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். கீமோ நடக்கும்போதே இதையும் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் போகிற வீடுகளில் பாதிப் பேர் கடைசி வாரத்தில்தான் போன் செய்கிறார்கள்.

சரி, நான் முடிக்கிறேன். நர்ஸ் அக்கா ஒரு பாய் விரித்து வைத்திருக்கிறார். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டுவது என்று காட்டுவார். ஆண்கள் முதலில் வாங்க. மருமகள் தலையில் கட்டியது போதும்.