மராவி: ஒருவரைப் பிடிக்கப் போய் ஐந்து மாதம் நீண்ட போர்

[திரையில்: ஏரிக்கரை நகரம் ஒன்றின் வான்காட்சி, நடுவே ஆறு]

2017 மே 23, செவ்வாய்க்கிழமை பிற்பகல். தெற்குப் பிலிப்பைன்ஸின் மிண்டனாவ் தீவில், லனாவோ ஏரிக்கரையில் இருக்கும் மராவி நகரத்தில், ஒரு வீட்டைச் சுற்றி வளைக்க ராணுவத்தினரும் காவலர்களும் சென்றார்கள். அவர்கள் தேடிப் போனது ஒரே ஒருவரை: அபு சயாஃப் என்ற இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவின் தலைவர்களுள் ஒருவரான இஸ்னிலோன் ஹாபிலோன். அமெரிக்கா அவர் தலைக்கு 50 லட்சம் டாலர் விலை வைத்திருந்தது.

அந்த வீட்டுக்குள் இருந்தது ஹாபிலோன் மட்டுமல்ல என்பதும், நகரத்தின் பல இடங்களில் ஆயுதங்களோடு நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள் என்பதும் சுற்றி வளைத்தவர்களுக்குத் துப்பாக்கிச் சூடு தொடங்கிய பிறகே புரிந்தது. காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஒமர், அப்துல்லா என்ற சகோதரர்கள் நடத்திய மௌதே குழுவைச் சேர்ந்தவர்கள், ஐ.எஸ். இயக்கத்துக்கு விசுவாசம் தெரிவித்தவர்கள். அன்று மாலைக்குள் மருத்துவமனை ஒன்றில் நுழைந்தார்கள். சிறைக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். டன்சலான் கல்லூரிக்குத் தீ வைத்தார்கள். கத்தோலிக்கப் பேராலயத்தில் இருந்தவர்களைப் பாதிரியாரோடு பிடித்துச் சென்றார்கள். மாஸ்கோவில் இருந்த பிலிப்பைன்ஸ் அதிபர் டுடெர்ட்டே, அன்றிரவே மிண்டனாவ் முழுவதும் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். அந்தச் சட்டம் 2019 இறுதிவரை நீடித்தது.

[திரையில்: வரைபடம். அகுஸ் ஆறு, அதன் மேல் பாலங்கள்]

சில நாட்களில் முடிந்துவிடும் என்று சொல்லப்பட்ட சண்டை ஏன் ஐந்து மாதம் இழுத்தது? விடையில் பாதி, நகரத்தின் சுவர்களிலேயே இருந்தது. மராவியின் மரனாவோ மக்களிடையே 'ரிடோ' எனப்படும் குலப்பகை தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதுண்டு. அதற்கு அஞ்சி, வசதி படைத்த குடும்பங்கள் தடித்த கான்கிரீட் சுவர்களும் நிலவறைகளும் உள்ள வீடுகளைக் கட்டியிருந்தன. பங்காளிப் பகைக்காகக் கட்டிய அந்த அரண்கள் போராளிகளுக்குக் கோட்டைகளாக அமைந்தன. வீட்டுக்கு வீடு சுவரில் துளையிட்டு, தெருவில் தலைகாட்டாமலே ஒரு வரிசை முழுவதும் நடமாடினார்கள். மேல்மாடிகளில் குறிசுடுநர்கள் அமர்ந்தார்கள்.

மீதிப் பாதி ராணுவத்தின் பழக்கம். பல பத்தாண்டுகளாகக் காட்டிலும் மலையிலும் கொரில்லாக்களைத் துரத்திய படை அது. அறை அறையாக ஒரு நகரத்தை மீட்பது அதற்குப் புதிது. ஜூன் 9 அன்று மாபாண்டி பாலத்துக்கு அருகே நடந்த ஒரே மோதலில் கடற்படையின் தரைப்போர்ப் பிரிவான மரைன் படையின் வீரர்கள் 13 பேர் இறந்தார்கள். மே 31 அன்று விமானப்படை வீசிய குண்டு இலக்குத் தவறித் தன் பக்கத்து வீரர்கள் மேலேயே விழுந்தது.

[திரையில்: பலகை அடித்த கவச வண்டி]

இந்தக் காட்சியைச் சற்று நின்று பார்ப்போம். நவீன ராணுவம் ஒன்றின் கவச வண்டி. அதன் பக்கங்களில் மரப்பலகைகள் கட்டப்பட்டிருக்கின்றன. தோளில் வைத்து ஏவும் ராக்கெட் குண்டு, இரும்பைத் தொடுவதற்கு முன்பே பலகையில் பட்டு வெடித்துவிடும் என்ற நம்பிக்கையில் வீரர்கள் தாங்களே கண்ட வழி அது. பார்க்க வேடிக்கையாக இருக்கலாம். உள்ளே உட்கார்ந்து போனவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது.

இதை முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையிலான போராகச் சொல்பவர்கள், மராவியின் பெரும்பான்மை மக்கள் முஸ்லிம்கள் என்பதையும், கிறிஸ்தவத் தொழிலாளர்களை வீட்டில் ஒளித்து வைத்து, பெண்களுக்கு முக்காடு கொடுத்து, ஸலாம் சொல்லக் கற்றுக்கொடுத்து வெளியே அனுப்பியவர்கள் அவர்களே என்பதையும் விட்டுவிடுகிறார்கள். பல்லாண்டுகள் அரசோடு போரிட்ட மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிகூட, மக்கள் வெளியேறுவதற்குப் பாதுகாப்புப் பாதை அமைக்க அரசோடு கைகோத்தது.

அக்டோபர் 16 அன்று ஹாபிலோனும் ஒமர் மௌதேயும் கொல்லப்பட்டார்கள். 23ஆம் தேதி சண்டை முடிந்ததாகப் பாதுகாப்பு அமைச்சர் லோரென்சானா அறிவித்தார். அரசுக் கணக்கின்படி 900க்கும் மேற்பட்ட போராளிகளும், 160க்கும் மேற்பட்ட படையினரும், 47 பொதுமக்களும் இறந்தார்கள். மூன்றரை லட்சம் பேர் வீடு விட்டு ஓடினார்கள்.

[திரையில்: கூரையில்லாத வீடுகள், வளர்ந்து மூடிய புதர்]

வணிக மையமாக இருந்த கிழக்குப் பகுதியில் சுமார் 250 ஹெக்டேர் இடிபாடாகக் கிடந்தது. வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள் இருந்ததால் உரிமையாளர்களையே உள்ளே விடவில்லை. 2018 ஏப்ரலில்தான், எஞ்சிய பொருளைப் பொறுக்கிக்கொள்ளக் குறுகிய நேரம் அனுமதித்தார்கள். இழந்த வீட்டுக்கும் உயிருக்கும் இழப்பீடு தரும் சட்டம் நிறைவேற 2022 ஏப்ரல் ஆனது. அதற்குள் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் போயிருந்தன. மனு எழுத உட்கார்ந்தவர்களில் பலரிடம் காட்டுவதற்கு வீடும் இல்லை, வீட்டோடு எரிந்த பத்திரமும் இல்லை.