சிபிஎஃப் தாளும் வெங்காயத் தோலும்

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியவர்களே, இளையர்களே, வணக்கம். ஏழு நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள், நேராக வருகிறேன்.

“அரசியல் ஆவணப்படத்துக்கு வலிமை தருவது உணர்ச்சியா, துல்லியமான உண்மையா?” உண்மைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் அல் கோரைத் துணைக்கு அழைத்தார். பருவநிலை மாற்றம் பற்றி 2006-ல் வந்த அவருடைய ஆவணப்படம் ‘ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்’ உலகத்தையே உலுக்கியது, அது உணர்ச்சிக்குக் கிடைத்த வெற்றி என்றார். உலுக்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்து நடந்ததை அவர் சொல்லவில்லை. இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு அந்தப் படத்தை அனுப்ப அரசாங்கம் முடிவு செய்தபோது ஒருவர் வழக்குப் போட்டார். 2007-ல் நீதிபதி பர்ட்டன் தீர்ப்பளித்தார். அடிப்படை அறிவியல் பெரும்பாலும் சரிதான் என்றவர், ஒன்பது பிழைகளையும் எடுத்துக் காட்டினார். கடல்மட்டம் 20 அடி உயரும் என்று படம் காட்டுகிறதே, அது நடந்தாலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில்தான் நடக்கும் என்றார். மாணவர்களுக்குக் காட்டுங்கள், கூடவே விளக்கக் குறிப்பும் கொடுங்கள் என்றார்.

வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தால் விடுவானா? பருவநிலை மாற்றமே கட்டுக்கதை என்று பேசித் திரிந்தவர்களுக்கு ஒன்பது பிடி அவல்! சரியாகச் சொன்ன அத்தனைக்கும் சேர்த்து அல்லவா அடி விழுந்தது?

அந்த 20 அடி தேவையே இல்லை, நடுவர் அவர்களே. நம் சிங்கப்பூர்த் தீவில் சுமார் 30 விழுக்காட்டு நிலம் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரத்துக்கும் கீழே இருக்கிறது. இந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கே கடல் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று 2024-ல் நம் ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள். 1.15 மீட்டர் என்றால், இதோ பாருங்கள், என் இடுப்புக்கும் மேலே. ஈஸ்ட் கோஸ்ட் மணலில் பேரப்பிள்ளையைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போகிறவருக்கு இது போதாதா?

தரவு யாரையும் அசைக்காது என்றார்கள். அமெரிக்காவில், டல்லஸ் நகரில், 1976-ல் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் ராண்டல் ஆடம்ஸுக்கு மரண தண்டனை விதித்தார்கள். அது பிறகு ஆயுள் தண்டனையானது. எரோல் மோரிஸ் 1988-ல் எடுத்த ‘தி தின் புளூ லைன்’ ஆவணப்படம் சாட்சிகளை வரிசையாகப் பேசவிட்டது. ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒட்டவில்லை. மறு ஆண்டே ஆடம்ஸ் வெளியே வந்தார். சிறைக் கதவையே அசைத்திருக்கிறது!

இப்போது அந்தக் கைதட்டலுக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “இவர்கள் ஆவணப்படம் எடுத்தால் சிபிஎஃப் தாளை, அதாவது மத்திய சேமநிதிக் கணக்குத் தாளைத்தான் பெரிய திரையில் காட்டுவார்கள். அதைப் பார்த்து யார் அழப்போகிறார்கள்?” மண்டபமே தட்டியது. நீங்களும் தட்டினீர்கள், நடுவர் அவர்களே, பார்த்தேன்.

ஐயா, சிபிஎஃப் தாளைப் பார்த்து அழுதவர் என் வீட்டில் இருக்கிறார்.

என் அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர். எந்தப் பட்டறை என்பது வேண்டாம். அவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு, அம்மா ஒரு பழைய பிஸ்கட் தகர டின்னை எடுத்து வந்தார். பிறப்புப் பத்திரம், வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கடிதங்கள், அடியில் ஆண்டுவாரியாக அடுக்கிய சிபிஎஃப் தாள்கள். ஒன்றுகூட மடங்கவில்லை. அண்ணன் ஒவ்வொன்றாக வாசித்தார். ஆண்டுக்கு ஆண்டு தொகை ஏறிக்கொண்டே போகிறது. 1986-ல் மட்டும் தடாலென்று விழுந்திருக்கிறது.

“அந்த வருஷம்தான் சேமநிதிக்கு முதலாளி கட்டுற பங்கைச் சம்பளத்துல 25 விழுக்காட்டிலிருந்து 10-ஆக்குனாங்களேம்மா, அதான்” என்றார் அண்ணன். சொன்னவர் சும்மா இருந்திருக்கலாம். பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டார். அந்தக் குறைப்பைக் கழித்த பிறகும் இடித்தது. மறுபடி போட்டார். ஐந்து மாதப் பணம் இல்லை.

ஐந்து மாதம் அப்பாவுக்கு வேலையே இல்லை. எங்கள் யாருக்கும் தெரியாது! தினமும் காலை ஐந்தரைக்குச் சீருடை போட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியோடு கிளம்பிப் போனவர் அவர்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த வருஷம் உங்கப்பா சட்டைப் பையில வெங்காயத் தோலா வரும்” என்றார். துவைக்கும்போதெல்லாம் வருமாம். சிவப்புச் சின்ன வெங்காயத்தின் மெல்லிய தோல், தண்ணீரில் மிதக்குமாம். கேட்டால், “பட்டறை கேன்டீன்ல உரிச்சுக் கொடுத்தேன்” என்பாராம். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரைத் தேடிப்போய் அண்ணன் கேட்டார். ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்களாம். அந்த ஐந்து மாதமும் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில், நாள் கூலிக்கு மூட்டை தூக்கியிருக்கிறார் என் அப்பா.

தாளில் இருந்தது ஒரு எண், அவ்வளவுதான். அந்த எண்ணைத் தொட்டுக்கொண்டு என் அம்மா அழுதார். வயலின் வாசிக்கவில்லை. மழை பெய்யவில்லை. யாரும் குரல் தழுதழுக்கப் பின்னணி பேசவில்லை.

எதிரணியினர் இதைப் படமெடுத்தால் என்ன செய்வார்கள்? ஐந்து மாதம் போதாது, இரண்டு ஆண்டு என்பார்கள். வெறுங்கையோடு அப்பா கடற்கரையில் நிற்பார், இடி இடிக்கும். நீங்களும் அழுவீர்கள். மறுநாள் எவனோ ஒருவன் இதே சிபிஎஃப் தாளைத் தூக்கிக் காட்டி, “இரண்டு ஆண்டா? புளுகு!” என்பான். அப்போது என்ன ஆகும்? வெங்காயத் தோலும் புளுகாகிவிடும். சந்தையும் புளுகாகிவிடும். என் அப்பா தூக்கிய ஒவ்வொரு மூட்டையும் புளுகாகிவிடும். ஐயா, அந்த ஐந்து மாதத்தை அவர் முதுகில் சுமந்திருக்கிறார். அதில் ஒரு நாள் கூட்டவோ குறைக்கவோ உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

மணி அடித்துவிட்டது, முடித்துவிடுகிறேன்.

அம்மா இன்று வந்திருக்கிறார். மூன்றாவது வரிசை, நீலச் சேலை. எழுந்திருக்க வேண்டாம்மா. அன்று ராத்திரி தாள்களையெல்லாம் திரும்ப டின்னில் அடுக்கும்போது, அந்த ஒரு தாளை மட்டும் அம்மா வெளியே வைத்துக்கொண்டார். எங்களிடம் சொன்னது இதுதான்:

“அஞ்சு மாசமும் நான்தான்டா சோறு கட்டிக் கொடுத்தேன். ஒருநாள்கூட தூக்குச்சட்டியில மிச்சம் வைக்கலை உங்கப்பா.”

வணக்கம்.